விட்டுப்போன காட்சி

ஜூன் 7, ஞாயிறு

வார விடுமுறை. மகள் பிரதீபாவும் நானும் நாமக்கல் போய்ப் புதுப்படம் பார்த்தோம். போலீஸ் கதை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் நாயகனுக்கு இடது தோளில் குண்டு பாய்கிறது. இரண்டு மாதம் கையை அசைக்கவே கூடாது என்கிறார் டாக்டர். இடைவேளை முடிந்து நாங்கள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் அதே தோளில் நாயகியைத் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறான். இரண்டு மாதம் ஆகிவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. பின்னால் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் அதே தேதி. அதைக் கவனித்தது தியேட்டரில் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

சேந்தமங்கலம் டீக்கடையில் செங்கோட்டுவேல் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மலை பஸ் ஓட்டும் ‘ஓட்டை’ என்றால் தெரியும். எந்தப் படம் வந்தாலும் கதையில் எங்கே ஓட்டை என்று சொல்ல என்னிடம்தான் வருவார்கள். சொல்வதற்குள் மறந்துவிடக் கூடாது என்றுதான் முதலாளி கொடுத்த இந்த டைரியில் குறித்துவைக்கிறேன். கொல்லிமலைக்கு எழுபது வளைவு. வருஷக்கணக்காக ஏறி இறங்குகிற கண்ணுக்குச் சின்னது எதுவும் தப்பாது.

வீட்டுக்காரி வாணி சட்டைக்குப் பட்டன் தைத்துத் தந்தாள். மேலிருந்து இரண்டாவது பட்டன். போன வாரமும் அதையேதான் தைத்தாள்.

ஜூன் 16, செவ்வாய்

கண்டக்டர் மாதேஸுக்கு என்னவோ ஆகிவிட்டது. கரவல்லி அடிவாரத்திலேயே அவசர அவசரமாக டிக்கெட்டைக் கிழித்து முடித்துவிட்டு, வண்டி மலை ஏறத் தொடங்கியதும் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறான். பிறகு வாய் மூடுவதில்லை. அவன் தங்கச்சி மாப்பிள்ளை, அவன் எருமை, மழை வருமா வராதா. வளைவுக்கு வளைவு, “என்னங்ணா, நாஞ் சொல்றது?” என்று பதில் வேறு வேண்டும்.

“பின்னாடி போய் நில்லுடா. படியில பசங்க தொங்கறானுக” என்றேன்.

“அவனுக கெடக்கறானுங்ணா” என்றான். நகரவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

இந்த வாரப் படத்தில் பெரிய ஓட்டை. வில்லன் வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறது. வாசலில் நாய்கள், அடியாட்கள். அடுத்த காட்சியில் நாயகன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து ஆப்பிள் தின்கிறான். எப்படி வந்தான்? காற்றாகவா?

திரும்பும் வழியில் இதைச் சொன்னதும் பிரதீபா என்னையே பார்த்தாள். “ஏப்பா, கூரையில ஓட்டப் பிரிச்சுட்டு எறங்குனானே. எத்தன நேரம் காட்டுனாங்க. நீங்க கண்ண முழிச்சுப் பாத்துட்டுத்தான இருந்தீங்க?”

நான் பார்க்கவில்லை. அவள் போனில் ஏதாவது பார்த்திருப்பாள், வேறு படத்தோடு குழப்பிக்கொள்கிறாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை எந்நேரமும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தால் இப்படித்தான்.

ஜூன் 24, புதன்

சாப்பிட்டுக்கொண்டே இருந்தபோது வாணி, “வாயில ஒண்ணுமில்லாம என்னத்தங்க மெல்றீங்க?” என்றாள். சோறுதான் மென்றேன். வேறு என்ன மெல்வார்கள்?

ஜூலை 2, வியாழன்

சோளக்காடு ஸ்டாப்பில் இறங்க வேண்டிய பெண்பிள்ளை ஒருத்தி, கொஞ்ச தூரம் தாண்டியபிறகு கூச்சல் போட்டாள். பலாப்பழ மூட்டையோடு ஏறியவள். “விசில் அடிச்சாங்க, நானும் கத்துனேன், காது என்ன செவுடா உனக்கு?” என்று கேட்டாள். விசில் கேட்கவில்லை என்றேன். மாதேஸ் மூட்டையைத் தன் தலையில் தூக்கிக்கொண்டு அவளோடு திரும்பி நடந்துபோய் விட்டுவிட்டு ஓடிவந்தான். இவன் எதற்கு இதையெல்லாம் செய்கிறான்?

ஜூலை 6, திங்கள்

டீக்கடையில் பெரிய தகராறு. நேற்று பார்த்த அண்ணன் தம்பி படம். அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறான். அடுத்தாற்போல் சுவரில் அவன் படத்துக்கு மாலை. எப்படிச் செத்தான் என்று படம் சொல்லவே இல்லை. இதைவிடப் பெரிய ஓட்டை இந்த வருஷம் வரவில்லை என்று சொன்னேன். வழக்கமாகச் சிரிப்பார்கள். இன்று யாரும் சிரிக்கவில்லை.

“கெணத்துல தள்ளி விட்டாங்களேப்பா. படமே அதுதான?” என்றார் டீ மாஸ்டர். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வர்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய்ப் பார்க்கிறேன், அந்தக் காட்சி இருந்தால் இனி படத்தைப் பற்றி வாயே திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 12, ஞாயிறு

மாதேஸைக் கூட்டிக்கொண்டு போனேன்.

காட்சி இருந்தது. அண்ணன் கிணற்றுமேட்டில் நிற்கிறான். பின்னால் இரண்டு பேர் வருகிறார்கள். தண்ணீர் விழும் சத்தம், மாடு கத்தும் சத்தம். நீளமான காட்சி. கொட்டாவி விட்டால்கூடத் தவறவிட முடியாத நீளம்.

எனக்கு விளங்கிவிட்டது. முதல் வாரம் ஜனங்கள் குறை சொன்னதும் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் அப்படிச் செய்கிறார்கள். மாதேஸிடம் சொன்னேன். அவன் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, “அண்ணா, நல்லாத் தூங்கறீங்களா?” என்று கேட்டான்.

ஜூலை 15, புதன்

வண்டியை ஷெட்டில் விட்டபோதுதான் பார்த்தேன், இடது பக்கக் கண்ணாடி இல்லை. வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. தகரத்தில் நீளமாக ஒரு கீறல். மெக்கானிக் கேட்டதற்கு மாதேஸ் முந்திக்கொண்டு, “கொரங்கு புடிச்சுத் தொங்கி ஒடைச்சுருச்சுங்க” என்றான்.

நான் குரங்கைப் பார்க்கவில்லை. அவன் பார்த்திருப்பான்.

ஜூலை 16, வியாழன்

குரங்கு தகரத்தைக் கீறுமா?

ஜூலை 19, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மத்தியானம் டிவியில் பழைய படம். நான் கல்யாணத்துக்கு முன்பே பத்துத் தடவை பார்த்தது, வசனம் எல்லாம் மனப்பாடம். கோர்ட்டில் தாய் சாட்சி சொல்லும் காட்சிக்காகக் காத்திருந்தேன். கூண்டில் ஏறினாள், உடனே தீர்ப்பு வந்துவிட்டது. “பாரு, வெளம்பரத்துக்காக நல்ல சீனையே வெட்டிட்டானுக” என்றேன்.

பிரதீபா டிவியை நிறுத்தினாள். “வெட்டலப்பா” என்றாள். போனை என் கையில் கொடுத்தாள்.

அதில் நான் இருந்தேன். இதே நாற்காலி, இதே சட்டை. படத்தில் தாய் பேசுகிற குரல் கேட்கிறது, நான் விட்டுப்போயிற்று என்று நினைத்த வசனம், முழுசாக. என் கண் திறந்திருக்கிறது. கண்ணுக்குள் ஆள் இல்லை. வாய் எதையோ மென்று மென்று விழுங்குகிறது. வலது கை சட்டையின் இரண்டாவது பட்டனைத் திருகிக்கொண்டே இருக்கிறது. “அப்பா” என்கிறாள் பிரதீபா. “அப்பா, இங்க பாருங்க. அப்பா.” அழுகிற குரல். நாற்காலியில் இருப்பவன் திரும்பவில்லை. பிறகு மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, “பாரு, வெளம்பரத்துக்காக” என்று ஆரம்பிக்கிறான்.

எனக்கு வந்தது கோபம்தான். அப்பனைத் திருட்டுத்தனமாகப் படம் பிடிக்கிறாயா என்று கத்தினேன். அங்கேயே அதை அழித்தேன்.

“அழிச்சுக்கோங்க. எங்கிட்ட இன்னும் ரெண்டு இருக்குது” என்றாள்.

வாணி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் முன்னமே தெரியும் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது.

ஜூலை 20, திங்கள்

மலைமேல் செம்மேட்டில் வண்டியை நிறுத்தி, ஜனங்கள் இறங்கியபிறகு மாதேஸைப் பிடித்துக் கேட்டேன். கண்ணாடி எப்படி உடைந்தது?

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “முப்பத்தேழாவது வளைவுல நீங்க ஸ்டீரிங்க ஒடிக்கவே இல்லீங்ணா. கூப்பிட்டேன். நேரா பாத்துட்டு இருந்தீங்க. நாந்தான் புடிச்சு இழுத்தேன். பாறையில ஒரசிட்டு நின்னுச்சு. அதுக்குள்ள நீங்களே பிரேக்க மிதிச்சு, ‘என்னடா, சொல்லு’ன்னீங்க.”

“பாறை எந்தப் பக்கம்?”

“இடது பக்கங்ணா.”

வலது பக்கம் என்ன இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

“எப்ப இருந்துடா பாக்கற?”

“சித்திரையில இருந்துங்ணா. பேசிக்கிட்டே இருந்தா உங்களுக்கு அப்படி ஆகாதுன்னு நெனச்சேன். வெளிய சொன்னா லைசென்ஸ் போயிருமேன்னு பயம்.”

அவன் அழுதான். வண்டியை இறக்கினேன். வழிநெடுக அவன் பேசினான், நான் ஒவ்வொன்றுக்கும் சத்தமாகப் பதில் சொன்னேன்.

ஜூலை 24, வெள்ளி

சேலம் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். வாணியும் வந்தாள். தலையெல்லாம் வயர் ஒட்டி ஒரு சோதனை. பிரதீபா அனுப்பிய படத்தை டாக்டர் இரண்டு முறை பார்த்தார். வயசில் சின்னவர்தான்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“விவசாயமுங்க” என்றேன். முழுப் பொய்யும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் முருங்கை இருக்கிறது.

வாணி என்னைப் பார்க்காமலே, “கொல்லிமலைக்கு பஸ் ஓட்டறாருங்க” என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கை கால் இழுக்காத வலிப்பும் உண்டாம். கொஞ்ச நேரம் நினைவு மட்டும் விட்டுப்போகுமாம். உடம்பு உட்கார்ந்திருக்கும், கண் திறந்திருக்கும், வந்தவனுக்கே வந்தது தெரியாதாம். மாத்திரை இருக்கிறதாம். அளவு சரியாகப் பிடிபடவே மாதக்கணக்காகும் என்றார். “வண்டியத் தொடக் கூடாது. சைக்கிள்கூட வேண்டாம். உங்களுக்கு நான் சொல்றது புரியுதுங்களா?”

புரிகிறது என்றேன்.

கொஞ்சநாள் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 27, திங்கள்

முதலாளி நல்லுசாமியிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்வதாகத்தான் போனேன். உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். தலை கிறுகிறுக்கிறது, கொஞ்ச நாள் லீவு வேண்டும் என்று மட்டும்தான் வாயில் வந்தது.

“ஆடிப் பதினெட்டு வருது செங்கோட்டு. ஊரே மலைக்கு ஏறும். எம்பட வண்டியில மலைக்குன்னு நம்பி உக்கார வெக்கறதுக்கு வேற எவன் இருக்கறான்? பதினெட்டு முடியட்டும், ஒரு மாசம் வேணாலும் படுத்துக்க.”

நம்பி உட்கார வைக்கிறதுக்கு என்று சொன்னார். அதைக் கேட்டபிறகு மற்றதைச் சொல்ல முடியவில்லை.

ஜூலை 29, புதன்

மாத்திரை தொடங்கியபிறகு ஒன்றும் வரவில்லை. மாதேஸும் அப்படித்தான் சொல்கிறான். இன்று முப்பத்தேழாவது வளைவில் வேண்டுமென்றே மெதுவாகத் திரும்பி ஒவ்வொரு கல்லையும் பார்த்தேன். எல்லாம் நினைவில் இருக்கிறது.

பிரதீபா என்னோடு பேசுவதில்லை.

ஆகஸ்ட் 1, சனி

இன்றும் ஒன்றும் இல்லை. மாத்திரை வேலை செய்கிறது. டாக்டர்கள் எதையும் கூட்டித்தான் சொல்வார்கள்.

வாணி இன்று மறுபடி அந்த இரண்டாவது பட்டனைத் தைத்தாள். எப்போது அறுந்தது என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3, திங்கள், ஆடிப் பதினெட்டு

காலையில் சேந்தமங்கலத்தில் வண்டி நிறைந்துவிட்டது. கிளம்பும்போது பிரதீபா ஏறினாள். நேரே வந்து எனக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். கையில் டிக்கெட்.

“எறங்கு” என்றேன்.

“எதுக்கு?”

“எறங்கு கண்ணு. படிக்கற வேல இல்லையா?”

“அருவிக்குப் போறேன். டிக்கெட் எடுத்துட்டேன்.” பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “நல்லாத்தான ஓட்டறீங்க? அப்புறம் நா வந்தா என்ன?” என்றாள்.

பின்னால் ஜனங்கள் கிளம்பச் சொல்லிக் கத்தினார்கள். கிளப்பினேன்.

இந்த மலையை நான் இன்றுபோல் ஏறியதே இல்லை. கரவல்லி தாண்டி முதல் வளைவிலேயே கை வியர்த்து ஸ்டீரிங் வழுக்கியது. தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண் சிமிட்டினால் அவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். மாதேஸ் எருமையைப் பற்றி ஆரம்பித்தான், பாதியில் விட்டுவிட்டான். ஒவ்வொரு வளைவின் எண்ணையும் நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தேன். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. பக்கத்தில் நின்ற ஆள், “டிரைவரு சாமி கும்புடறாரு” என்று சிரித்தான். பாதிக்குமேல் வலது பக்கம் பள்ளம் திறந்துகொண்டபோது எண்ணுவதை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் உப்புக் கரித்தது. அது நல்லதாக இருந்தது, நான் இருக்கிறேன் என்று தெரிந்தது.

செம்மேட்டில் வண்டியை நிறுத்தியதும் ஜனங்கள் இறங்கித் திருவிழாவுக்குப் போனார்கள். பிரதீபா அருவிக்குப் போகவில்லை. சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

“எறக்கத்துலயும் வருவியா?” என்று கேட்டேன்.

“வருவேன்.”

“நாளைக்கு?”

“தெனமும்.”

போன வாரம் முழுக்க எத்தனை பிள்ளைகள் அந்த சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள் என்று அப்போது நினைத்தேன். அவர்கள் ஒவ்வொருவரையும் ஏற்றி இறக்கும்போது நான் வளைவுகளை எண்ணவில்லை. மாத்திரை வேலை செய்கிறது என்று சொல்லிக்கொண்டேன். பிரதீபா உட்கார்ந்ததும் அந்தச் சொல் ஏன் வாயில் வரவில்லை?

மத்தியானம் திரும்புவதற்கு ஜனங்கள் ஏறி நெருக்கி உட்கார்ந்தார்கள். படியிலும் ஆள். நான் ஏறி, ஹாண்ட் பிரேக் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இந்த வண்டியை நான் ஓட்டப்போவதில்லை, வேறு டிரைவர் வருகிறவரை காத்திருங்கள் என்று சொன்னேன்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

“புள்ள குட்டியோட ஏறி உக்காந்தப்பறம் ஓட்டமாட்டேங்கறான் பாரு!”

“குடிச்சிருக்கானா?”

“பிரேக்குல கோளாறுங்க. கொஞ்சம் பொறுங்க” என்றான் மாதேஸ். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். ஒருவர் இறங்கிவந்து என் முகத்துக்கு நேரே நின்று, ஊது என்றார். ஊதினேன். “சாராய வாசம் இல்ல. வேற ஏதோ” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். நாக்கில் இருந்த காயத்தைப் பார்த்துப் பின்வாங்கினார்.

“பிரேக்குல ஒண்ணுமில்லீங்க” என்றேன். “எனக்குத்தான். எனக்கு வலிப்பு இருக்குது. நடுவுல நெனவு தப்பிரும். வண்டியில போறப்பவே தப்பிருக்குது.”

எங்கோ நாதஸ்வரம் ஊதிக்கொண்டிருந்தது. படியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒரு கிழவர் மட்டும், “இத்தன நாளா இப்படியேதான் எங்களக் கூட்டிட்டு வந்தியா?” என்று கேட்டார். அவர் திட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆமாங்க என்றேன்.

முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னேன். நடு மலையில் வைத்துக் கழுத்தறுக்கிறாயே என்றார். இனி ஷெட் பக்கம் வராதே என்றார். வண்டியை ஓட்ட ஆள் அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னேன். ராசிபுரம் வண்டி ஓட்டும் குப்புராஜ், மோட்டார் சைக்கிளில் மலையேறி வந்துசேரப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை பிரதீபா என் பக்கத்தில் கல்மேல் உட்கார்ந்திருந்தாள். பொரி வாங்கித் தந்தாள்.

இறங்கும்போது நான் இடது பக்க ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன். பிரதீபா எனக்கு முன் சீட்டில். ஒவ்வொரு வளைவுக்கும் என் வலது கால் தரையை மிதித்தது. குப்புராஜ் நன்றாகத்தான் ஓட்டினார். சோளக்காட்டில் ஒரு கூட்டம் ஏறியது. மாதேஸ் பின்படியில் இருந்து, “உள்ள போங்க, உள்ள போங்க” என்று கத்திக்கொண்டிருந்தான்.

என் மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

சிவப்புக் கவுன், மொட்டைத் தலை, சந்தனம். வாய் திறந்து, எச்சில் என் கையில் வழிய, நன்றாக அசந்து தூங்கியது. வெளியே பார்த்தேன். அடிவாரத்து விளக்குகள் கிட்டத்தில் தெரிந்தன. பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள். சோளக்காட்டில் ஏறியவளாக இருக்க வேண்டும்.

“உங்க கொழந்தைங்களா?” என்று கேட்டேன்.

“ஆமாங்ணா. கை வலிக்குதுங்களா?”

“எப்பக் குடுத்தீங்கம்மா?”

அவள் சிரித்தாள். “ஏறுனதுமே உங்களத்தானுங்க கேட்டேன், கொஞ்சம் வெச்சுக்கறீங்களான்னு. நீங்கதான் கைய நீட்டி வாங்குனீங்க.”

குழந்தையின் தலைக்கடியில் என் கை இருந்தது. யார் சொல்லி அது அங்கே போயிற்று, வளைவுகளில் எப்படிப் பிடித்துக்கொண்டது, எதுவும் எனக்குத் தெரியாது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் சில வளைவுகள் இருந்தன.

முன் சீட்டைத் தட்டினேன். பிரதீபா திரும்பினாள்.

“கண்ணு, இந்தக் கொழந்தைய நீ வெச்சுக்க” என்றேன். “எங்கிட்ட வேண்டாம்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.